முதல்முறை ஆல்ப்ஸ், முதல்முறை வலப்பக்கச் சாலை: என் திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

கிளட்ச்கேபிள்

வணக்கம் நண்பர்களே. 22 வருடமாக பைக் ஓட்டுகிறேன். மலை, மழை, மண் ரோடு எல்லாம் பழக்கம். ஆனால் எல்லாமே இடப்பக்கம் ஓட்டும் நாட்டில். ஜூலை கடைசியில் நானும் மனைவியும் முதல்முறையாக வெளிநாட்டில் ஓட்டப் போகிறோம். ஜெர்மனியின் ம்யூனிக்கில் 850 சிசி பைக் வாடகைக்குப் பதிவு செய்தாயிற்று. மொத்தம் 9 நாள்.

காலை 6 மணிக்கு விமானம் இறங்கும். 10 மணிக்கு வண்டியை எடுத்து அன்றே ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக். மறுநாள் டிம்மல்ஸ்யோக் கணவாய் ஏறி இத்தாலிக்குள் இறங்குகிறோம். பிறகு ஸ்டெல்வியோ கணவாய். அங்கிருந்து சுவிட்சர்லாந்து போய் சுஸ்டன், கிரிம்சல், ஃபுர்கா என்று மூன்று கணவாய். ஒரு நாளைக்கு 350 கி.மீ. என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

ராத்திரி படுத்தால் ஒரே காட்சிதான் வருகிறது. ஒரு வளைவில் திரும்புகிறேன், எதிரே நேராக ஒரு லாரி, தப்பான பக்கத்தில் இருப்பது நான். இதற்கு எப்படித் தயாராவது? வேறு எதை விட்டிருக்கிறேன்?

மேட்டுச்சாலை

முதல் நாளை மாற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்து, 4 மணி நேரத்தில் பழக்கமில்லாத எடையுள்ள வண்டியில், பின்னால் ஆளையும் ஏற்றிக்கொண்டு, பெரிய நகரத்தின் நடுவிலிருந்து, சாலையின் மறுபக்கத்தில். இதில் ஏதாவது ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் சமாளிக்கலாம். நான்கும் சேர்ந்து வரக்கூடாது. இறங்கிய அன்று தூங்குங்கள். சாயங்காலம் நடந்து போய் ஒரு பெரிய சந்திப்பில் அரை மணி நேரம் நின்று வண்டிகளைப் பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், இடது திரும்புகிறவர் எங்கே காத்திருக்கிறார், ரவுண்டானாவில் எப்படி நுழைகிறார்கள் என்று. ரோட்டைக் கடந்து நடப்பதே நல்ல பயிற்சி. முதலில் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறீர்கள் என்று கவனியுங்கள். வலது பக்கம் திரும்பினால் உங்கள் மூளை இன்னும் ஊரில்தான் இருக்கிறது.

உங்கள் லாரிக் கனவைப் பற்றி. நான் இந்தப் பக்கத்து சாலைகளில் 14 வருடமாக ஓட்டுகிறேன், இடப்பக்க நாட்டிலிருந்து வந்தவன்தான். நெரிசலில் யாரும் பக்கம் மாறிப் போவதில்லை. முன்னால் போகும் வண்டியே வழி காட்டிவிடும். தப்பு நடப்பது காலியான சாலையில். காலையில் விடுதி முற்றத்திலிருந்து கிளம்பும்போது. பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது. போட்டோ எடுக்க ஓரம் கட்டி மறுபடி ஏறும்போது. ஒருவழிச் சாலை முடிந்து இருவழி தொடங்கும் இடத்தில்.

எனக்கு நடந்தது மூன்றாம் நாள். முதல் இரண்டு நாள் நிமிஷத்துக்கு நிமிஷம் "வலது, வலது" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். மூன்றாம் நாள் பழகிவிட்டது என்று நினைத்தேன். பண்ணை விடுதியிலிருந்து வெளியே வந்து நிம்மதியாக இடப்பக்கத்தில் அரை கி.மீ. போயிருப்பேன். எதிரே டிராக்டர். ஓட்டியவர் வயசாளி, வண்டியை நிறுத்திவிட்டு கையால் மெதுவாக மறுபக்கத்தைக் காட்டினார். டிராக்டர் என்பதால் நிற்க நேரம் இருந்தது. கார் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இருசக்கரம்88

எனக்கு இவ்வளவு பயமுறுத்தல் தேவையில்லை என்றுதான் படுகிறது. நான் போனபோது இறங்கிய அன்றே 200 கி.மீ. ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. 22 வருட அனுபவம் இருப்பவருக்கு அரை மணி நேரத்தில் கை வந்துவிடும். 9 நாளில் ஒரு நாளைத் தூங்கிக் கழிப்பது பெரிய இழப்பு.

மேட்டுச்சாலை

தம்பி, தனியாகப் போனீர்களா, பின்னால் ஆள் இருந்தாரா?

22 வருட அனுபவம்தான் இங்கே ஆபத்து. ஆபத்து வந்தால் அவர் யோசித்து ஒதுங்கப் போவதில்லை, உடம்பு தானாக ஒதுங்கும். 22 வருடமாக அந்த உடம்பு இடப்பக்கம் ஒதுங்கித்தான் பழகியிருக்கிறது. இந்த ஊர்ச் சாலையில் இடது என்பது எதிர்வண்டி வரும் பக்கம். தூக்கம் கெட்ட நாளில் அந்தப் பழக்கம்தான் முதலில் எழுந்து வரும்.

ஆவணப்பெட்டி

இருவருமே சாலைக்கு வந்துவிட்டீர்கள். நான் கவுண்டரிலேயே நின்றுவிட்ட ஆள், அதனால் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கியதும் முதலில் உள்பக்கத்தைத் திறந்து மோட்டார் சைக்கிள் கட்டத்தில், அதாவது 'ஏ' வகையில், முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு கார் கட்டத்தில் மட்டும்தான் விழுந்திருந்தது. வாங்கும்போது பார்க்கவில்லை. வாடகைக்குக் கொடுப்பவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு சாவியை மறுபடி டிராயருக்குள் வைத்தார். அந்தப் பயணம் முழுக்க ரயிலில் போனேன். இந்த அனுமதியைச் சொந்த நாட்டில்தான் வாங்க முடியும், வந்த இடத்தில் சரிசெய்ய வழியில்லை.

அது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டும்தான். அசல் லைசென்ஸ் கூடவே இருக்க வேண்டும். இன்னொன்று, இதில் இரண்டு வகை புழக்கத்தில் உண்டு: 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி ஒன்று. முதலாவது ஒரு வருடம்தான் செல்லும். எல்லா நாடும் இரண்டையும் ஏற்பதில்லை. வியட்நாமில் 1968 வகை இருந்தால்தான் செல்லும். 1949 வகையோடு அங்கே பைக் ஓட்டுகிறவர் சட்டத்தின் கண்ணில் லைசென்ஸ் இல்லாதவர். உங்கள் கையில் எது இருக்கிறது, நீங்கள் நுழையும் ஒவ்வொரு நாடும் அதை ஏற்கிறதா என்று தூதரகத் தளத்தில் பாருங்கள். நீங்கள் நான்கு நாடு போகிறீர்கள்.

லைசென்ஸ் சிக்கல் போலீஸோடு முடிவதில்லை. பயண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பைக் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். பல பாலிசிகள் 125 சிசிக்கு மேல் போனால் கூடுதல் பிரீமியம் கட்டாமல் மருத்துவச் செலவு தராது. 'அந்த நாட்டில் செல்லுபடியாகும் லைசென்ஸ்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். உங்களுடையது 850 சிசி. மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்க வேண்டி வந்தால் யார் கட்டுவது என்பதற்கு அந்தப் பத்தியில்தான் பதில் இருக்கிறது. மனைவியின் பாலிசியையும் தனியாகப் பாருங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் எந்தெந்த நாட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகலாம் என்று எழுதியிருக்கும். நான்கும் அதில் இருக்க வேண்டும். விபத்தானால் நீங்கள் கட்ட வேண்டிய உச்சத் தொகை எவ்வளவு, அதற்காக கிரெடிட் கார்டில் எவ்வளவு முடக்குவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். முடக்கிய பிறகு கார்டில் மிச்சம் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

மலைச்சாரல்

ஸ்டெல்வியோ நான் மூன்று முறை போயிருக்கிறேன், தனியாக ஒரு முறை, பின்னால் ஆளோடு இரண்டு முறை. அண்ணா, உங்கள் திட்டத்தில் 350 கி.மீ. என்பதை அடித்துவிடுங்கள்.

சுஸ்டன், கிரிம்சல், ஃபுர்கா மூன்றையும் சுற்றி கிளம்பிய இடத்துக்கே வந்தால் சுமார் 120 கி.மீ.தான். அது ஒரு முழு நாள் வேலை. மூன்றுமே 2000 மீட்டருக்கு மேல். மேப் ஆப் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், அது நிற்பதையும் மேகத்துக்குள் ஊர்ந்து போவதையும் கணக்கில் எடுக்காது. கணவாய் நாளில் 200 கி.மீ. போதும்.

இப்போது யாரும் சொல்லாத ஒன்று. நீங்கள் ஓட்டும் நாட்டில் இறுக்கமான கொண்டை ஊசி வளைவு எந்தப் பக்கம்? இடது. உள்வட்டத்தில் போவது இடது திருப்பத்தில்தான். வலப்பக்க நாட்டில் அது தலைகீழ். வலது ஹேர்பின்தான் உள்வட்டம், அதுதான் செங்குத்து, அதுதான் குறுகல். ஸ்டெல்வியோவில் அடிவார ஊரான பிராட் பக்கம் மட்டும் 48 ஹேர்பின், உச்சி 2757 மீட்டர். அதில் பாதி உங்களுக்குப் பழக்கமில்லாத பக்கம் திரும்பும்.

வலது திருப்பம் ஏன் கஷ்டம் என்றால், ஹேண்டிலை முழுதாக வலது ஒடித்தால் ஆக்சிலரேட்டர் கை வயிற்றோடு வந்து மடங்கும். மடங்கிய மணிக்கட்டில் ஆக்சிலரேட்டரைச் சீராகத் திருப்ப முடியாது, வெட்டும். ஏற்றத்தில், முதல் கியரில், பின்னால் எடையோடு வண்டி ஒரு முறை வெட்டி நின்றால் உள்பக்கம் சாயும். அந்தப் பக்கம் ரோடு கீழே இறங்கியிருக்கும், கால் எட்டாது.

இதை ஊரிலேயே பழகிவிட்டுப் போகலாம். காலி மைதானத்தில் உங்கள் வண்டியிலேயே வலது பக்கம் முழு ஒடிப்பில் வட்டம் போடுங்கள். கிளட்சைப் பாதி பிடித்து, பின்பிரேக்கை லேசாக மிதித்தபடி, ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் வைத்து. பார்வை வட்டத்தின் மறுமுனையில் இருக்கட்டும், முன்சக்கரத்தில் வேண்டாம். தனியாக நன்றாக வந்த பிறகு அக்காவை ஏற்றிக்கொண்டு போடுங்கள். இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள். நான் முதல் தடவை இதைச் செய்யாமல் போய் ஏழாவது வளைவில் வண்டியைப் படுக்க வைத்தேன். அடி இல்லை, ஆனால் மிச்ச வளைவுகள் முழுக்க கை நடுங்கியது.

இடது வளைவு அகலமாக, சுலபமாகத் தெரியும். அதில் வேறு ஆபத்து. நடுக்கோட்டை ஒட்டிச் சாய்த்தால் சக்கரம் உங்கள் லேனில் இருக்கும், தலை எதிர் லேனில் இருக்கும். ஆஸ்திரியாவில் சில மலைச்சாலைகளில் இடது வளைவுகளில் நடுக்கோட்டின் ஓரமாக வெள்ளை வட்டங்கள் வரைந்திருப்பார்கள், பைக்காரர்களை வெளிப்பக்கம் தள்ளுவதற்காக. அந்த வட்டங்களுக்கு வலது பக்கமாகப் போங்கள். வட்டம் இல்லாத இடத்திலும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சுவிஸ் கணவாய்களில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது தபால் பேருந்துச் சாலை. குறுகலான இடத்தில் அந்த மஞ்சள் பேருந்துக்குத்தான் முன்னுரிமை, ஓட்டுநர் கை காட்டினால் கேட்க வேண்டும், பின்னால் போகச் சொன்னாலும் போக வேண்டும். பார்வை மறையும் வளைவுக்கு முன்னால் மூன்று ஸ்வரத்தில் ஹாரன் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் ஹேர்பினுக்குள் நுழையாதீர்கள். வளைவில் அந்தப் பேருந்துக்கு இரண்டு லேனும் வேண்டும்.

பின்சீட்டு

நான் ஓட்டுவதில்லை. 6 பயணம் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறேன், அதனால் உங்கள் மனைவியின் சார்பில் எழுதுகிறேன்.

அவரை லக்கேஜ் மாதிரி நினைக்காதீர்கள். இரண்டாவது ஜோடிக் கண் அவர்தான். நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வண்டி நின்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும், கிளட்சை விடுவதற்கு முன் என் கணவர் சத்தமாக "வலது" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் அவர் ஹெல்மெட்டின் வலது பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுவேன். தட்டினால் உடனே நிற்க வேண்டும், காரணம் பிறகு கேட்கலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது என்று வீட்டிலேயே பேசிக்கொண்டோம். இன்டர்காம் இருந்தாலும் இந்தத் தட்டை விடாதீர்கள், பேட்டரி எப்போது தீரும் என்று சொல்ல முடியாது.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். கீழே 30 இருந்தால் ஸ்டெல்வியோ உச்சியில் 20 கூட இருக்காது, அதற்கு மேல் காற்று. ஓட்டுபவருக்கு உடம்பு வேலை செய்கிறது. பின்னால் இருப்பவர் அசையாமல் விறைத்துக்கொண்டிருப்பார், சொல்லவும் மாட்டார். அவருக்கும் உங்களுக்கு இணையான ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எடுங்கள். ஹெல்மெட் வாடகைக்கு வாங்க வேண்டாம், அளவு பொருந்தாமல் இரண்டாம் மணி நேரத்தில் நெற்றி வலிக்கும். ஐரோப்பாவில் செல்லும் இசிஇ தரக்குறி இருக்கிறதா என்று உள்பட்டையில் பார்த்து, கையோடு விமானத்தில் கொண்டுபோங்கள்.

கிளட்ச்கேபிள்

எல்லோருக்கும் நன்றி. இரவு முழுக்க மனைவியோடு உட்கார்ந்து படித்தேன். அனுமதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம், 'ஏ' முத்திரை இருக்கிறது. இன்ஷூரன்ஸில் ஆவணப்பெட்டி சொன்ன 125 சிசி வரி அப்படியே இருந்தது. மாற்றிவிட்டோம்.

முதல் நாள் ஓட்டம் இல்லை. இரண்டாம் நாள் காலை வண்டி எடுத்து, நெடுஞ்சாலை தவிர்த்து, மதியத்துக்குள் 100 கி.மீ. அதோடு சரி. மூன்றாம் நாள்தான் கணவாய். சுவிஸ் மூன்றும் ஒரே நாளில், லக்கேஜை ஆண்டர்மட்டில் அறையிலேயே வைத்துவிட்டு.

மலைச்சாரல், இன்று காலை மைதானத்தில் வலது வட்டம் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மை. இடது பக்கம் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். வலது பக்கம் நான்கு முறை கால் ஊன்றினேன்.

இரண்டு கேள்வி. பெட்ரோல் பங்கில் மொழி தெரியாமல் தப்பாகப் போட்டுவிட்டால்? முன்னுரிமை விதிகளில் தனியாகக் கவனிக்க என்ன இருக்கிறது?

மேட்டுச்சாலை

பங்கில் பெயரை நம்பாதீர்கள். இத்தாலியில் 'கசோலியோ' என்று பார்த்தால் காஸ், பெட்ரோல் என்று தோன்றும். அது டீசல். குறியைப் பாருங்கள். 2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் எல்லாப் பம்பிலும் ஒரே மாதிரி குறி: வட்டத்துக்குள் இ5 அல்லது இ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். வட்டத்துக்குள் இ5, இ10 இரண்டை மட்டும் தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சின்ன ஊர்களில் பங்கில் ஆள் இருக்க மாட்டார், இயந்திரத்தில் கார்டு போட்டு நாமே நிரப்ப வேண்டும். கார்டின் ரகசிய எண் (PIN) தெரிந்திருக்கட்டும்.

முன்னுரிமைதான் பெரிய விஷயம், கேட்டது நல்லது. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும். அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும், நீங்கள் பெரிய தெருவில் இருந்தாலும். அவர் உங்களைப் பார்த்து வேகத்தைக் குறைக்க மாட்டார், குறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் சாய்சதுரப் பலகை பார்த்தால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். அதே பலகை குறுக்கே கோடு போட்டு வந்தால் அந்த உரிமை முடிந்தது. அடுத்த சந்திப்பிலிருந்து வலது பக்கம் பாருங்கள். ரவுண்டானாவில் வண்டிகள் இடஞ்சுழியாகப் போகும். உங்களை நோக்கி வருகிறவர் இடது பக்கத்திலிருந்து வருவார்.

ஊருக்குள் மூன்று நாட்டிலும் 50, ஊருக்கு வெளியே சுவிட்சர்லாந்தில் 80, இத்தாலியில் 90, ஆஸ்திரியாவில் 100. சுவிட்சர்லாந்தில் வேகத்துக்கு இரக்கம் கிடையாது. அபராதக் கடிதம் வாடகைக்காரர் வழியாக, மாதக்கணக்கில் கழித்துக்கூட வீட்டுக்கு வரும். நெடுஞ்சாலையில் ஏறுவதாக இருந்தால் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பைக்குக்கும் சுங்க வில்லை, அதாவது கட்டணம் கட்டியதற்கான வின்யெட், வேண்டும். ஆஸ்திரியாவில் பைக்கில் முதலுதவிப் பெட்டி இருந்தாக வேண்டும், வண்டி வாங்கும்போது இருக்கையைத் தூக்கிப் பாருங்கள்.

ஆவணப்பெட்டி

அப்போதே வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள். சைலன்சர் அடி, லீவர் நுனி, கண்ணாடி முதுகு, இரண்டு டயரும். பின்சஸ்பென்ஷனை இரண்டு பேர் எடைக்கு ஏற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஹேர்பினில் ஸ்டாண்ட் உரசும். காற்றழுத்தம் பார் கணக்கில் இருக்கும், 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவசர எண் 112, நான்கு நாட்டிலும் வேலை செய்யும்.

இருசக்கரம்88

மேட்டுச்சாலை அண்ணா, தனியாகத்தான் போனேன். பின்னால் ஆளோடு யோசித்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. கிளட்ச்கேபிள், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஜூலையில் மலையில் மதியத்துக்கு மேல் இடி மழை அடிக்கடி வரும். காலை 7 மணிக்கே ஏறிவிட்டால் சாலையும் காலி, வானமும் திறந்திருக்கும். விரிசலில் ஊற்றிய தார்க்கோடுகள் மழையில் சோப்பு மாதிரி, அதன் மேல் சாய்க்காதீர்கள்.

கிளட்ச்கேபிள்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது.

ஸ்டெல்வியோவில் 48 வளைவும் கால் ஊன்றாமல் ஏறினேன். கிளம்புவதற்கு முன் மைதானத்தில் 5 வாரம் வட்டம் போட்டேன், கடைசி இரண்டு வாரம் மனைவியோடு. 31-வது வளைவில் மஞ்சள் பேருந்து இல்லை, ஒரு கேரவன் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கியது. மேலே பார்த்துக்கொண்டே வந்ததால் முன்கூட்டியே தெரிந்தது, கீழே சமதளத்தில் நின்று வழிவிட்டேன். ஃபுர்காவில் மேகம், 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தோம். உச்சியில் 7 டிகிரி. பின்சீட்டு அக்கா சொல்லி வாங்கிய இரண்டாவது ஜோடிக் கையுறையை மனைவி கழற்றவே இல்லை.

ஆறாம் நாள். கிரிம்சலுக்குக் கீழே ஒரு சின்ன பங்க். நிரப்பிவிட்டு, மனைவி ஏறிவிட்டாள், கார்டு பர்ஸை உள்ளே வைத்தேனா என்று பாக்கெட்டைத் தடவிக்கொண்டே கிளட்சை விட்டேன். "வலது" சொல்லவில்லை. சாலையில் இரண்டு பக்கமும் ஒரு வண்டி இல்லை. இடது ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்து இரண்டாவது கியர் போட்டிருப்பேன்.

ஹெல்மெட்டின் வலது பக்கத்தில் இரண்டு தட்டு.

நின்றேன். மறுபக்கம் போனேன். ஒரு நிமிஷம் கூட இல்லை, வளைவிலிருந்து இரண்டு கார் இறங்கி நாங்கள் இருந்த லேனில் போயின.

வண்டியில் ஒரு கீறலும் இல்லை, முடக்கிய தொகை 9 நாளில் விடுவிக்கப்பட்டது. அபராதக் கடிதம் இதுவரை எதுவும் வரவில்லை. அடுத்த வருடம் மனைவியும் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், மைதானத்தில் முதல் வட்டம் வலது பக்கமாகத்தான் போட வைத்தேன்.